பொறியாளரின் இருமல்

ஜூன் 2, திங்கள்

முதல் வகுப்பு. வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவன் மின்விசிறிக்காக வந்தவன். அவனே சொன்னான்.

திட்டத்தின் பெயர் 'சிறகுகள்'. இந்தக் குடியிருப்பின் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் நாடகம் சொல்லிக்கொடுக்க வேண்டும், கடைசியில் ஒரு நிகழ்ச்சி போட வேண்டும், எத்தனை இளைஞர்களின் வாழ்வில் மாற்றம் வந்தது என்று படிவத்தில் எண்ணால் நிரப்ப வேண்டும். இதற்குத்தான் பதினோரு வருஷம் மேடையில் தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணி, மாசமானா சம்பளம் வருதில்ல என்றாள்.  

எங்கள் அறை சி பிளாக்கின் கீழ்த்தளத்தில். முன்பு சைக்கிள் நிறுத்திய இடம். 'சைக்கிளைப் பூட்டவும்' என்று சுவரில் இன்னும் இருக்கிறது. வெளியே லிப்ட். அதன் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை. அட்டை பழசாகி எழுத்து மங்கிப்போனதால், அதே வார்த்தையைப் புது அட்டையில் எழுதி மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 9, திங்கள்

ஏழு பேர். எல்லோரும் 'ரேடியோ' என்று கூப்பிடும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். யார் குரலும் அவளுக்கு வருகிறது. என் குரலில் "முதுகை நேரா வை" என்றாள். நானே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

வீடு ஏழாவது மாடி. அம்மா மட்டும்தான். அம்மாவுக்குக் காலில் ஆபரேஷன். படியேற முடியாது, இறங்கவும் முடியாது. ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது லிப்ட் ஓடியது, அதில்தான் மேலே போனாள். அடுத்த வாரம் லிப்ட் நின்றது. பதினான்கு மாதமாக அவள் தரையை மிதிக்கவில்லை.

"நிகழ்ச்சிக்கு எங்கம்மா வரணும்க்கா. மத்தவங்க யார் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

பார்க்கலாம் என்றேன். மற்றவர்கள் அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜூன் 16, திங்கள்

வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன்: ஓர் அதிகாரியை ஒரு வாரம் கவனித்து அவர் குரலைக் கொண்டுவர வேண்டும். வகுப்பில் இருக்கும் இரட்டையர்கள் பஸ் கண்டக்டரைக் கொண்டுவந்தார்கள். அவர் அதிகாரி இல்லையே என்றேன். நீங்க எங்க பஸ்ல ஏறினதில்லக்கா என்றார்கள்.

ரேடியோ கொண்டுவந்தது குடியிருப்பு அலுவலகத்துப் பொறியாளரம்மாவை. லிப்ட் மனுவோடு நாலு தடவை போய் உட்கார்ந்து கவனித்திருக்கிறாள். முதலில் ஒரு சின்ன இருமல். பிறகு, நாம் எதைச் சொன்னாலும் "சரி, அப்புறம்?" லிப்ட் ஓடவில்லை என்றால், சரி, அப்புறம்? அம்மா படியிறங்க முடியாது என்றால், சரி, அப்புறம்? சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் நாமே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவோமாம்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நாடகம் கிடைத்துவிட்டது.

ஜூன் 23, திங்கள்

ரேடியோவுக்கு இருமல் இன்னும் சரியாக வரவில்லை. வீட்டில் நாள் முழுக்க இருமிப் பழகுகிறாளாம். பக்கத்து வீட்டிலிருந்து கஷாயம் கொடுத்துவிட்டார்களாம்.

ஜூலை 3, வியாழன்

லிப்ட் ஓடுகிறது!

காலையில் மூன்று மெக்கானிக்குகள் வந்தார்கள், சாயங்காலம் போனார்கள். நடுவில் யாரும் யாரையும் திட்டவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஐந்து மணிக்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்: 'சங்கத்தின் இடைவிடாத முயற்சியால்...' அவருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை, முகத்தில் தெரிந்தது.

ஜூலை 7, திங்கள்

திட்ட ஒருங்கிணைப்பாளர் காலையிலேயே போன் செய்தார். போன புதன்கிழமை பொறியாளரம்மா விடுப்பு. அன்றைக்கு அவர் குரலில் யாரோ அலுவலகத்துக்குப் பேசி, சி பிளாக் லிப்டை நாளைக்கே முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிளார்க், சரி மேடம் என்று கோப்பை அனுப்பிவிட்டார். "உங்க வகுப்புல அவங்க மாதிரி பேசற பொண்ணு ஒண்ணு இருக்காமே?" என்றார். போலீஸ், கீலீஸ் என்று போனால் திட்டத்தையே மூடிவிடுவார்களாம். அந்தப் பெண்ணை எடுத்துவிடுங்கள் என்றார்.

ரேடியோவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் பண்ணலக்கா."

"பொய் சொல்லாத. உன்னை விட்டா யாருக்கு அந்தக் குரல் வரும்?"

அதற்கு அவள் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனிமேல் வகுப்புக்கு வர வேண்டாம் என்றேன். பையை எடுத்துக்கொண்டு போனாள். லிப்டில் போகவில்லை, படியில் ஏறிப் போனாள்.

நான் செய்தது சரிதான். ஒரு அறை, ஏழு பிள்ளைகள், என் வேலை. ஒருத்திக்காக எல்லாவற்றையும் விட முடியுமா? சரிதான். சரிதானே?

ஜூலை 8, செவ்வாய்

அண்ணி உப்பு எங்கே என்று கேட்டாள். அதற்கு எரிந்து விழுந்தேன்.

ஜூலை 14, திங்கள்

பொறியாளர் வேஷத்தை மின்விசிறிக்கு வந்த பையனிடம் கொடுத்தேன். ரயில் தாமதமாக வரும் என்று அறிவிப்பது போலப் படித்தான். இரட்டையர்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட்டேன்.

ஏழாவது மாடிக்குப் போனேன். லிப்ட் திறந்துதான் நின்றது. ஏற மனசு வரவில்லை. படியில் போனேன். நாலாவது மாடியில் உட்கார்ந்து, எதற்கு இந்த வீம்பு என்று என்னையே கேட்டுக்கொண்டு, மறுபடி ஏறினேன்.

அவள் அம்மாதான் கதவைத் திறந்தாள். கையில் ஊன்றுகோல். மெல்லிய குரல், காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. ரேடியோ உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. லிப்ட் ஓடியும் ஏன் கீழே வரவில்லை என்று கேட்டேன். மகளைத் துரத்திய இடத்துக்கு எதற்கு வர வேண்டும் என்றாள். நியாயம்தான். பிறகு பொறியாளர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாரா, எழுதினால் யார் பெயரைப் போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

"அவ பண்ணலம்மா. எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள்.

எந்த அம்மாதான் வேறு மாதிரி சொல்வாள்? ஆனாலும் இறங்கும்போது மனசு கனத்தது. போன் செய்தவள் ரேடியோவாகவே இருக்கட்டும், அதனால் என்ன? பதினான்கு மாதம் ஓடாத லிப்ட் ஓடுகிறது. நான் பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 17, வியாழன்

பொறியாளரம்மாவே அறைக்கு வந்தார். நான் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். துடைப்பத்தோடு நின்றபடி, அந்தப் பெண் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம், வீட்டுப்பாடம் கொடுத்தது நான், எழுதுவதானால் என் பெயரை எழுதுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"நான் எப்படிப் பேசறேனாம்?" என்று கேட்டார்.

முதலில் ஒரு இருமல் வரும் என்றேன். எனக்கு இருமலே கிடையாது என்று சொல்லிவிட்டு இருமினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சுவரில் 'சைக்கிளைப் பூட்டவும்' என்பதைப் படித்தோம்.

"பேசினது நான்தான்னு கிளார்க் சத்தியம் பண்றார். நான் இல்லேன்னு எழுத நாலு பக்கம் வேணும். பதினாலு மாசமா கோப்பு ஏன் நகரலைன்னு அதுலயே கேப்பாங்க. நான்தான்னு எழுத ஒரு வரி போதும்."

"எதை எழுதினீங்க மேடம்?"

"ஒரு வரி." மறுபடி ஒரு சின்ன இருமல். "சரி, அப்புறம்?"

சொல்ல ஒன்றும் இல்லை. நன்றி சொன்னேன். போய்விட்டார்.

ஜூலை 21, திங்கள்

ரேடியோ வந்தாள். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பரவால்லக்கா என்று என் குரலிலேயே சொன்னாள். நான் பேசினால் இவ்வளவு சிடுசிடுப்பாகவா இருக்கிறது?

ஆகஸ்ட் 23, சனி

நிகழ்ச்சி நாற்பது நிமிடம் தாமதம். லிப்டுக்கு வரிசை. ஒரு வருஷமாக யார் கண்ணிலும் படாதவர்கள் எல்லாம் மேலிருந்து இறங்கினார்கள். "நீங்க இங்கதான் இருக்கீங்களா, காலி பண்ணிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்று லிப்ட் வாசலிலேயே பேச்சு. செயலாளர் வரிசையை ஒழுங்குபடுத்தினார். நாற்காலி போதவில்லை.

ரேடியோவின் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கையிலிருந்த தாளை இரட்டையர்களிடம் கொடுத்துவிட்டேன். அறிவிப்பை அவர்கள்தான் செய்தார்கள்.

பொறியாளர் காட்சியில் அறையே அதிர்ந்தது. அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் மகளிடம் ஏதோ சொன்னாள். என்னவென்று ரேடியோவைக் கேட்டேன்.

"இருமல் இன்னும் கொஞ்சம் சின்னதா இருக்கணுமாம்."

செப்டம்பர் 8, திங்கள்

திட்டத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். வகுப்பில் இப்போது பத்தொன்பது பேர். மின்விசிறி நின்று மூன்று வாரமாகிறது. இரண்டு மனு கொடுத்தேன். இன்று வெக்கை தாங்காமல் இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். மின்விசிறிக்கு வந்த பையன் மட்டும் போகவில்லை, வசனம் படித்துக்கொண்டிருந்தான்.

ரேடியோவின் அம்மா தினமும் கீழே வந்துவிடுகிறாள். எங்கள் அறைக்குள் வாசலோரம் ஒரு நாற்காலி அவளுடையது. இன்று அங்கிருந்தபடியே என் போனைக் கேட்டு வாங்கினாள். வீட்டுக்குப் பேச என்று நினைத்துக் கொடுத்தேன்.

"திங்கள் மத்தியானம் அந்தம்மா சைட்டுக்குப் போயிடுவாங்க. கிளார்க்தான் எடுப்பார்" என்று என்னிடம் சொன்னாள். பதினான்கு மாதம் தன் குரலிலேயே குடியிருப்பு அலுவலகத்துக்குப் பேசிப் பார்த்தவள் அல்லவா, அங்கே யார் எப்போது இருப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படி.

பிறகு இருமினாள். சின்னதாக, ஒரே ஒரு இருமல்.

"நான்தான் பேசறேன். சி பிளாக் கீழ் அறை ஃபேன் என்னாச்சு?... சரி, அப்புறம்?"

பொறியாளரம்மாவேதான். ரேடியோவுக்குக்கூட இவ்வளவு வராது. ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஜூலை ஏழாம் தேதி நின்றது போலவே. "நான் பண்ணலக்கா." அன்றைக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் யார் மாட்டுவார்கள் என்று தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். 

போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். லிப்ட் பக்கம் ஒரே சத்தமாக இருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.