ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

10 பிப்ரவரி 2014, திங்கள்

பனி. 5.20க்குக் கிளம்பி பெருமுக்கல் வரை போய்த் திரும்பினேன். மலை கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு மூடல். வலது முழங்கால் வலி. இரண்டு கையிலும் சுண்டுவிரல் மரத்துப் போகிறது.

மரக்காணம் ரோட்டில் பாதி ரோடு நெல். மேலே தார்ப்பாய், சுற்றிலும் கருங்கல். முழங்கையை ஊன்றிக் கையை முன்னால் நீட்டிப் படுத்த மாதிரி போகும்போது பிரேக் பிடிக்கக் கை மாற்ற வேண்டும். மாற்றுவதற்குள் கல் வந்துவிட்டது. ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தேன். தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், கல்லையாவது எடுத்துப் போடுங்கள் என்றேன்.

"எடுத்தா லாரிக்காரன் மேல ஏத்திக்கினு போவான். நீ ஏன் தலையக் குனிஞ்சிக்கினு வர்ற? ரோட்டப் பாத்து வாயேன்."

ரோட்டைத்தான் பார்த்தேன். ரோட்டில் ரோடு இல்லை.

இன்னும் 13 நாள். 23ஆம் தேதி கோலியனூரில் மாவட்ட டைம் டிரயல், 20 கி.மீ. ஒவ்வொருவராக விடுவார்கள், கடிகாரம்தான் எதிராளி. பெண்களில் முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்கு. போன வருஷம் நான் நான்காவது. இந்த வருஷம் சைக்கிள், அடுத்த வருஷம் குழந்தை என்று இவரிடம் ஒப்புக்கொண்டது நானேதான். முப்பத்தொன்று ஆகிவிட்டது. இவர் அதற்குள் அவர் அக்கா வீட்டிலிருந்து தொட்டில் கம்பியை வாங்கி வந்து பரண் மேல் வைத்திருக்கிறார்.

11, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் டே ஒத்திகை. பி.டி. டீச்சர் என்றால் சாமியானா கட்டுகிறவள் என்று ஹெச்.எம். நினைப்பு.

மாலை போட்டி நடத்துகிற சங்கத்திலிருந்து போன், பெயர் கொடுத்தபோது அனுப்பின படத்தைப் பார்த்துவிட்டு. என் கார்பன் சைக்கிள் ட்ரையத்லான் சைக்கிளாம், சீட் முன்னால் தள்ளி இருக்கிறதாம், அப்படியே கொண்டு வந்தால் விட மாட்டார்களாம். நீந்தி முடித்து, சைக்கிள் மிதித்து, அதற்கப்புறம் ஓடவும் வேண்டியவர்களுக்காகச் செய்த சைக்கிள் அது. தொடை களைக்காமல் இருக்க சீட்டை முன்னால் வைத்திருப்பார்கள். எனக்கு நீந்தவே தெரியாது. டைம் டிரயலுக்கு சீட்டின் மூக்கு பெடல் அச்சுக்கு ஐந்து செ.மீ. பின்னால் இருக்க வேண்டுமாம்.

"ரூல் இது. நாங்க என்னம்மா பண்றது, ஸ்கேல் வெச்சி அளப்போம்."

போன வருஷம் ஒருவன் காலில் செருப்போடு ஓட்டினான். அதற்கு ஸ்கேல் இல்லை. ஆனாலும் சீட்டைப் பின்னால் தள்ளினேன். இப்போது ஹேண்டில்பார் இன்னும் தூரம். எட்டிப் பிடித்தால் தோள் இழுக்கிறது.

13, வியாழன்

காலை 18 கி.மீ. நாய் 3. பேப்பர் போடுகிறவர் வழக்கம்போல "ஒலிம்பிக்கா?" என்றார்.

மதியம் ஸ்டாஃப் ரூமில் கணக்கு வாத்தியார் சேகர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் சைக்கிள் ஓட்டுவார், தொப்பை குறைக்க. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொல்கிறார்:

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அந்த சைக்கிள் உங்களுக்கு ஒரு சைஸ் பெருசு. பின்னாடிலருந்து பாத்தா இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுது."

பின்னாலிருந்து பார்த்தாராம். எதற்குப் பார்த்தார்? எட்டு மாதம் தேடி, சென்னைக்கு நாலு முறை போய், நெட்டில் படித்துப் படித்துக் கண் வீங்கி வாங்கின வண்டி. விற்றவர் கார்ப்பரேட் கம்பெனியில் வேலை, நல்ல மனுஷன், "ஒரு சைஸ் முன்ன பின்ன இருந்தா ஹேண்டில்பார்ல சரி பண்ணிக்கலாங்க" என்று அவரே சொன்னார். கருப்பு, மட்டமான பளபளப்பு இல்லாமல் ஒரு மாதிரி மங்கலான கருப்பு. முதல் பார்வையிலேயே இதுதான் என்று தெரிந்துவிட்டது. சேகர் சார் ஓட்டுவது மார்க்கெட் சைக்கிள். அவருக்கு சைஸைப் பற்றி என்ன தெரியும். சாயங்காலம் வரை கோபம் ஆறவில்லை. கரண்டியைக் கழுவும்போதுகூட அவரிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

16, ஞாயிறு

மாதா கோவிலில் முதல் பூசை பார்த்துவிட்டு விழுப்புரம் போனேன். இவர் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு மினி வேனில் சைக்கிளை ஏற்றி வந்தார். கோலியனூர் கூட்டு ரோட்டிலிருந்து பாண்டி பக்கம் பத்து கி.மீ., திரும்பி வர. போட்டி நடக்கிற அதே ரோடு. இவர் ஸ்டாப் வாட்ச்.

36.05.

காரணங்கள்:
1. எதிர்க்காற்று, போகும்போது.
2. எதிர்க்காற்று, வரும்போதும். (எப்படி என்று தெரியவில்லை. ஆனால் இருந்தது.)
3. ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே நின்று ஆள் ஏற்றியது.
4. காலையில் இட்லி சாப்பிட்டது தப்பு.

முழங்கால் வலியில் காலை ஊன்றவே முடியாது போல. வேனில் ஐஸ் வைத்துக்கொண்டு வந்தேன். சைக்கிளைச் சாய்த்து வைக்க இடம் தேடி இவருக்கும் பேஜாரு. டீக்கடைச் சுவரில் சாய்த்தால் கடைக்காரர் கத்துகிறார், மரத்தில் சாய்த்தால் நான் கத்துகிறேன்.

"இவ்ளோ பெரிய வண்டிக்கு ஒரு ஸ்டாண்டு வெக்க மாட்டானா? அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல நிக்காத வண்டி என்னா வண்டி?"

சிரித்துவிட்டு விட்டேன்.

19, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் முடிந்து 5.30க்கு வீடு. சைக்கிள் இல்லை. திருடு என்றே நினைத்தேன். கீழ் வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று, "உன் வூட்டுக்காரருதான் தள்ளிக்கினு போனாரு, கோவிலுக்கு" என்றார்.

புதன்கிழமை மாதா கோவிலில் நவநாள் ஜெபம். நவநாள் முடிந்ததும் ஃபாதர் வெளியே வந்து, வாசலில் வரிசையாக நிற்கும் புது வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பைக், டாடா ஏஸ், டிராக்டர் எல்லாம் வரும். போட்டிக்கு முன்னால் என் சைக்கிளையும் மந்திரித்துவிட வேண்டும் என்று இவருக்கு ஆசை. எனக்குத் தெரியாமல் செய்து, சொல்லி சந்தோஷப்படுத்த வேண்டுமாம். ஆனால் வரிசையில் வண்டி தானாக நிற்க வேண்டுமே. கையில் பிடித்துக்கொண்டு நின்றால் தீர்த்தம் வண்டி மேல் படாமல் இவர் மேல் படுமாம். அதனால் கோவிலுக்கு எதிரே தேவராஜ் சைக்கிள் கடையில் ஸ்டாண்டு போடச் சொல்லியிருக்கிறார்.

ஸ்டாண்டு. இறுக்கினால் நொறுங்குகிற கார்பன் சைக்கிளுக்கு. ஞாயிற்றுக்கிழமை இவர் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். பெடலுக்குப் பின்னால் பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாயையும் மேலும் கீழும் தகடு வைத்து, நடுவில் போல்ட் போட்டு, ஸ்பேனரால் இறுக்கி. பால்காரர் சைக்கிளுக்குப் போடுவது போல.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வரிசையில் மூன்றாவதாக நின்றது. ஒரு டிராக்டருக்கும் ஒரு ஸ்கூட்டிக்கும் நடுவில், ஒரு பக்கம் சாய்ந்து, ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை. தீர்த்தம் தெளித்தாகிவிட்டது. இவர் முகமெல்லாம் சிரிப்பு.

குனிந்து பார்த்தேன். தகடு பதிந்த இடத்தில் குழாய் உள்ளே அமுங்கியிருந்தது. அதிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், வெள்ளையாக.

தேவராஜ்: "இறுக்கக்குள்ள நறுக்குன்னுச்சு, அக்கா. பெயிண்டுதான் போல இருக்குன்னு நெனச்சிக்கினேன். இரும்பு இல்லியா இது?"

இவர்: "லேசாதானே இருக்கு? டேப்பு சுத்திக்கலாம்."

ஃபாதர் முன்னால் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. டிராக்டர்க்காரர் குடும்பத்தோடு தள்ளி நின்றார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்பதை மட்டும் பல முறை சொன்னேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

20, வியாழன்

வண்டியை விற்ற சென்னைக்காரருக்கு விரிசலைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் செய்தார். "தயவுசெஞ்சி ஓட்டாதீங்க. வேகத்துல உடைஞ்சா உயிருக்கே ஆபத்து."

இவரோடு பேசவில்லை. காலையில் காபி போட்டு வைத்திருந்தார். குடிக்கவில்லை. கடைக்குப் போகும்போது வாசலில் நின்று, "ஸ்டெல்லா" என்றார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நல்லதுதான் நினைத்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கீழ் வீட்டு அம்மா சொன்னார், ஹெச்.எம். சொன்னார். நல்லது நினைத்தவர்களுக்கெல்லாம் கையில் ஏன் ஸ்பேனர்? இந்த வீட்டில் எனக்கென்று நானே பார்த்து, நானே தேர்ந்தெடுத்து வாங்கின ஒரே பொருள் அது. இந்தக் கட்டில்கூட மாமனார் பார்த்தது.

21, வெள்ளி

வேறு வழி இல்லை. ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம் பேப்பர் கட்டுக்கு நடுவில் கிடந்த பழைய சிவப்பு சைக்கிளை எடுத்தேன். அலுமினியம். கல்யாணத்துக்கு முன்பே வாங்கினது. முழங்கை ஊன்றும் கம்பியை நானே தனியாக வாங்கிப் பூட்டியிருந்தேன். செயின் துரு, இரண்டு டயரும் வெடிப்பு.

மாலை தேவராஜ் தானாகவே வீட்டுக்கு வந்தார். கையில் டயர், டியூப், கிரீஸ்.

"சேவியர் அண்ணன் சொல்லி வர்ல, அக்கா. நானாதான் வந்தேன். ஜல்தியா முடிச்சிட்டுப் போயிடறேன்."

மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் "இத இறுக்கலாமா அக்கா?" என்று கேட்டுக் கேட்டு இறுக்கினார். புதன்கிழமை இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது. டீ கொடுத்தேன், மனசில்லாமல்.

22, சனி

காலை லேசாக 10 கி.மீ., சிவப்பில். முழங்கால் வலி இல்லை. கை மரக்கவில்லை. மூன்று நாள் ஓய்வு, அதனால்தான்.

நாளைக்கு: முதுகில் நம்பர் குத்த ஊசி, வாழைப்பழம், பழைய சாக்ஸ், ஆதார் ஜெராக்ஸ் (இதையாவது இவர் ஒழுங்காகச் செய்தார்).

23, ஞாயிறு

மூடல் இல்லை. காற்று போன ஞாயிறு போலவே.

சிவப்பு சைக்கிளை ஸ்கேல் வைத்து அளக்கவே இல்லை. அந்த ஆள் பார்த்துவிட்டு, "இது சாதா வண்டிதானே, போம்மா" என்றார்.

ஏழு பெண்கள். நான் ஐந்தாவதாகக் கிளம்பினேன். போகும்போது ஒருத்தியைப் பிடித்தேன். திரும்பும் வளைவில் அடையாளத்துக்கு வைத்த பிளாஸ்டிக் கோனை உரசினேன். கடைசி மூன்று கி.மீ. நெஞ்சு வாய்க்கு வந்தது. ஆனால் கால் இருந்தது. கடைசி வரை இருந்தது.

35.11. மூன்றாவது. இரண்டாவது வந்த செஞ்சிப் பெண் 35.05. ஆறு செகண்டு.

கோட்டைத் தாண்டி ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன். இவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். போர்டில் நம்பரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பாட்டிலைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அழுதார், அத்தனை பேர் முன்னால்.

"அந்த வண்டி இருந்திருந்தா ஆறு செகண்டு என்னா, அறுபது செகண்டு கெடச்சிருக்கும். நான்தான் கெடுத்தேன்."

நானே பாட்டிலை வாங்கிக் குடித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மதியம் வீட்டில், போன வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தேன். ஆகஸ்டில், கார்பன் வாங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, இதே ரோடு, இதே சிவப்பு. என் கையெழுத்தில்: 35.20. அதற்கு அடியில், "முழங்கால் நன்று." அதற்குப் பிறகு ஆறு மாதம் கார்பனில் மிதித்து ஒரு தடவைகூட 36க்குக் கீழே வரவில்லை. ஒவ்வொரு தடவையும் காற்று, நாய், இட்லி என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சைஸ் பெரிசு. சேகர் சாருக்குப் பின்னாலிருந்து தெரிந்தது எனக்கு மேலே உட்கார்ந்திருந்தும் தெரியவில்லை. தெரிந்தது. ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆறு மாதமும் சிவப்பிலேயே பழகியிருந்தால் ஆறு செகண்டு ஒரு பொருட்டா? விரிசல் விட்டது இவரால். தோற்றது என்னால். ஸ்டாண்டு போட்டிருக்காவிட்டால் இன்று 36க்கு ஓட்டி ஐந்தாவது வந்திருப்பேன்.

இதைச் சொல்லலாம் என்றுதான் நோட்டோடு கூடத்துக்குப் போனேன். இவர் தரையில் உட்கார்ந்து அந்தக் கருப்பு ஃபிரேமின் விரிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நான் யோசிச்சிட்டேன், ஸ்டெல்லா. அடுத்த வருசமும் நீ ஓட்டு. கொழந்தைய அதுக்கப்பறம் பாத்துக்கலாம். என்னால போனத நான்தான் குடுக்கணும். இல்லியா?"

நோட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, "ஆமா" என்றேன்.