ஏழாம் வீட்டு டிரம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குழாயில் தண்ணீர் இல்லை, நாளைதான். இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம். மாணவர் அறிவியல் கண்காட்சிக்குப் போகிற எதிலும் ஆபத்தோ அநியாயமோ இருக்கிறதா என்று பார்க்கும் குழு. சயின்ஸ் மேடம் தலைமை, வெளியாள் என்று பத்திரிகைக்காரி நான்.

பட்டாசு மருந்து ராக்கெட்: கூடாது.
உயிருள்ள சங்கு நண்டுகள்: பிடித்த கரையிலேயே விடவும்.
தம்பியைத் தூங்கவிடாமல் வைத்து ஞாபகசக்தி சோதனை: கூடாது. (தம்பியைக் கேட்டார்களா?)

கடைசியாக யாமினி. ஒன்பதாம் வகுப்பு. லம்பா லைன் பேட்டையில் எங்கள் சந்துப் பெண். வெளியே நிற்கும் தண்ணீர் டிரம்களில் எதிலெல்லாம் கொசுப்புழு என்று வரைபடம். சுத்தமான வேலை. ஆனால் ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்கும் பக்கத்தில் வீட்டுக்காரர் பெயர். ஒருவரிடமும் அனுமதி வாங்கவில்லை. கூடவே ஜாம் பாட்டிலில் உயிரோடு புழுக்கள். மேடம் நிராகரிக்கப் பார்த்தார். யாமினி என் பக்கம் திரும்பினாள்.

"பேரும் அட்ரஸும் இல்லாத சேதிய யாரும் நம்பமாட்டாங்கனு போன வருஷம் இங்க வந்து சொன்னது நீங்கதானே ஆன்ட்டி?"

சொன்னேன்தான். ஏழாவது புள்ளி எங்கள் வீடு. அதை மட்டும் மேடத்திடம் சொல்லவில்லை.

நவம்பர் 5, புதன்

ஆறு மணிக்குத் தண்ணீர். நிரப்புமுன் டிரம்மை எட்டிப் பார்த்தேன். நெளிகிறது. மழைத் தண்ணீர் சுத்தமானது என்று என் கணவர் வாதம். எட்டிப் பார்த்துவிட்டு அவரே தேய்த்துக் கழுவி, கடைக்குப் போய் மூடியும் வாங்கி வந்தார்.

மேடத்திடம் சொல்லிவிட்டேன்: என் வீடும் அதில் இருக்கிறது, யாமினி விஷயத்தில் நான் முடிவு சொல்லக் கூடாது. "அரே, டிரம் கிஸ்கா நஹி ஹை?" யார் வீட்டில்தான் இல்லை என்று சிரித்தார். ஆனாலும் எழுதி வைத்துக்கொண்டார். முடிவு அவருடையது: வீடு வீடாக அனுமதி, பெயருக்குப் பதில் அ, ஆ என்று எழுத்து, பாட்டிலுக்குப் பதில் படம். வெள்ளிக்குள் முடியாவிட்டால் திங்கட்கிழமை கண்காட்சிக்கு யாமினி இல்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. முழங்கால் வலி, தைலம் தீர்ந்தது. யாமினியிடம் துணைக்கு வரவா என்று கேட்டேன்.

"வேணாம் ஆன்ட்டி. பேப்பர்காரங்க கூட வந்தா பயந்து கையெழுத்துப் போடுவாங்க. அது பர்மிஷன் ஆகாது."

இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் வாசலில் நின்றிருக்கிறேன். இது தோன்றியதே இல்லை.

சாயங்காலம் நனைந்துபோய் வந்தாள். மூன்று வீடு மறுத்துவிட்டது. அதிகப் புழு இருந்த வீடும் அதில் ஒன்று. மூன்று புள்ளிகளையும் அழித்துவிட்டாள். கண் சிவந்திருந்தது, குரலில் காட்டவில்லை.

கடைசியாக எங்கள் வீடு. எழுத்து போதுமா, பெயரே போடலாமா என்று கேள்வி. பெயர் என்றேன். வீடு அங்கிள் பேரில்தானே என்று இவர் பக்கம் திரும்பினாள். இவர் டீ ஆறும்வரை யோசித்தார்.

"போடு. ஆனா இப்ப க்ளீன்னும் போடு."

"அதுக்கு மறுபடி வந்து பாக்கணும் அங்கிள்."

நவம்பர் 7, வெள்ளி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. நல்ல சூரை மீன் கிடைத்தது. மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார், யாமினி போகிறாள். சந்தில் எங்களுடையது தவிர எல்லா வீட்டு டிரம்மும் கவிழ்ந்து கிடக்கிறது. மறுத்த மூன்று வீட்டிலும்கூட.

நவம்பர் 8, சனி

ராத்திரி பெய்திருக்கிறது. ஏழரைக்கு டார்ச்சோடு யாமினி. இவர் குளித்து, சலவைச் சட்டையில், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி டிரம் பக்கத்தில். உள்ளே ஒன்றுமில்லை. இவருக்கு முகமெல்லாம் பல். அவள் டார்ச்சை அணைக்காமல் புது மூடியைப் பார்த்தாள். நடுப்பள்ளத்தில் வியாழக்கிழமையிலிருந்தே தேங்கிய மழைத் தண்ணீர்.

"பொடியா ரெண்டு இருக்கு அங்கிள். சிவப்புதான். பேர வேணா இப்பவும் வாபஸ் வாங்கலாம்."

இவர் என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் உரிக்க உள்ளே போய்விட்டேன். வாசலிலிருந்து இவர் குரல்:

"இருக்கட்டும்மா. மூடி மேலதான்னும் எழுதிக்கோ."