பேர் ஒட்டிய தட்டுகளில் ஒரு ரோபோ

டூ ஹார்பர்ஸ்
நவம்பர் 2, ஞாயிறு

அன்புள்ள ஆண்டர்ஸுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை டில்டாவும் நலம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நீயும் உன் கப்பலில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஏரியில் காற்று தொடங்கிவிட்டது, பின்கதவு பழையபடி அடித்துக்கொள்கிறது, கீலுக்கு எண்ணெய் விட்டும் கேட்கவில்லை. வேலைக்குப் போய்வருகிறேன். போன வாரம் போனில் நீ சொன்னதற்கெல்லாம் சரி என்றேன். உன் அப்பா இறந்த ஆகஸ்டிலிருந்து யார் எதைச் சொன்னாலும் என் வாயில் சரி என்றுதான் வருகிறது. உன் லொரேன் அத்தை டில்டாவை ஃபார்கோவுக்குக் கூட்டிப்போய் குளிர் முடியும்வரை வைத்துக்கொள்கிறேன் என்றாள், சரி என்றேன். அதுதான் நல்லது என்று நீயும் சொன்னாய், அதற்கும் சரி. ஹாலோவீனுக்கு மறுநாள் அத்தை வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. போனில் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

இந்த வருடம் வீடுவீடாக மிட்டாய் கேட்கப் போக டில்டாவுக்கு ரோபோ வேஷம்தான் வேண்டுமாம். கடையில் வாங்கலாம் என்றேன். அது வெறும் துணி, தொளதொளன்னு தொங்கும், எனக்குத் தானா நிக்கிற ரோபோ வேணும் என்றாள். நாற்காலியில் உட்காருமா என்றும் கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளை எதையாவது கேட்கும் என்று விட்டுவிட்டேன். வேஷம் கட்டுவதெல்லாம் உன் அப்பாவின் வேலை, எனக்குக் கத்தரிக்கோலை எங்கே வைக்கிறோம் என்பதுகூடத் தெரியாது. கீழ்த்தளத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டேன், போட்ட பிறகுதான் குளிர்கோட்டின் மேல் அளவெடுக்கவில்லை என்று உறைத்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற தப்பா அது. பக்கவாட்டில் வெட்டி, இன்னொரு பெட்டியின் அட்டையை வைத்து ஒட்டினேன். துணி உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் உதிரியாகக் கிடந்த மடிப்புக் குழாய் கைகளானது, நூடுல்ஸ் வடிக்கிற ஓட்டைப் பாத்திரம் தலைக்கு. நெஞ்சுக்கு என்ன செய்வது என்று நான் நின்றபோது டில்டா உறைபெட்டியின் மேல் அடுக்கியிருந்த தட்டுகளைக் காட்டி, இதெல்லாம் சும்மாதானே கிடக்குது என்றாள். அப்பாவின் அடக்கத்தின்போது தெருவே அடுப்பில் சுட்ட ஹாட்டிஷும் கேக்கும் கொண்டுவந்ததே, அந்தத் தட்டுகள். கழுவி வைத்ததோடு சரி. திருப்பிக் கொடுக்கப் போனால் வெறுந்தட்டாகக் கொடுக்க முடியாது, வாசலில் நின்று பேசவும் வேண்டும். நம் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான் என்று மே மாதம் உன் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், அந்தப் பட்டதாரிக்கு நாலு வீட்டுக் கதவைத் தட்ட வரவில்லை. தட்டுகளைக் கவிழ்த்து கம்பியால் கட்டினோம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கவிழ்த்தால் அடியில் ஒட்டியிருக்கும் வீட்டுக்காரர் பேர்கள் வெளியே தெரியும் அல்லவா. அவை என் கண்ணில் பட்டன, ஆண்டர்ஸ். அதே வீடுகளுக்குத்தான் மிட்டாய் கேட்கப் போகிறோம் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. என் நிலைமை இப்படி இருக்கிறது.

எப்போதும் அப்பா படியேறுவார், நான் டார்ச்சோடு நடைபாதையில் நிற்பேன். இந்த முறை ரோபோவுக்குத் தன் கால் தெரியவில்லை, குழாய்க் கையால் மணியை அழுத்த முடியவில்லை, நானே ஏறவேண்டியதாயிற்று. முதல் வீட்டில் டேல் ஆஸ்ட்பி கதவைத் திறந்து ஒரு கணம் பார்த்துவிட்டு, "என் தட்டே என் வீட்டு வாசல்ல வந்து மிட்டாய் கேக்குதே, இது என்ன ஞாயம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டது எனக்கே கேட்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கை நிறையப் போட்டார். அடுத்தது திருமதி கிவேலா. கண்ணாடியை மாட்டிக் குனிந்து, "ஏண்டி கண்ணு, உன் வயித்துல என் பேரு எழுதியிருக்கே" என்றாள். உள்ளேயிருந்து அவள் கணவர், "அந்த மஃபின் தட்டுக்குத்தானே ரெண்டு மாசமா என்னையத் திருடன்னுட்டிருந்த" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றவள் டில்டாவிடம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குச் சுடணும், வீட்டுக்குப் போனதும் அதை மட்டும் கழட்டி அம்மாகிட்ட குடுத்துவிடு கண்ணு என்றாள். டில்டா ஒரு அடி பின்னால் போய், "முடியாது" என்றாள். எனக்கு முகம் சுட்டது. டில்டா, அது அவங்களோடது என்றேன். "தெரியும். ஆனா எனக்கு வேணும். நாளைக்கு நான் அத்தை வீட்டுக்குப் போயிடுவேன், இதைச் சமையலறை நாற்காலில உக்கார வச்சுட்டுப் போவேன். தனியா இருந்தா அம்மா பாதியில எந்திரிச்சுப் போயி மிச்சத்தைக் கொட்டிடுவாங்க. எதிர்ல யாராவது இருந்தா சாப்பிடுவாங்க" என்றாள். அழுகையெல்லாம் இல்லை, பள்ளிப் பாடத்தை ஒப்பிக்கிற குரல். உள்ளே டிவி சத்தம் குறைந்தது. திருமதி கிவேலா என்னைப் பார்க்காமல், "அப்ப இருக்கட்டும். நான் வேற ஏதாவது சுட்டுக்கறேன்" என்றாள்.

அங்கேயே நான் அழுதிருக்க வேண்டும். வரவில்லை. டில்டாவின் கோட்டில் கழுத்துப் பட்டன் போடாமல் இருந்ததைப் பார்த்தேன், போட்டுவிட்டேன். நான் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று ஒரு குழந்தை தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மிச்ச வீடுகளுக்கும் போனோம். யாரும் தட்டைக் கேட்கவில்லை.

நேற்று காலை அத்தை வந்தாள், சாயங்காலம் பனி கொட்டுமாம் சீக்கிரம் கிளம்பணும் என்று காரை அணைக்காமலே வந்தாள். டில்டாவின் பை வாசலில் இருந்தது. "அவ வரலை, லொரேன்" என்றேன். "என்ன வரலை? சரின்னுதானே சொன்ன" என்றாள். சொன்னேன், இப்போ இல்லை என்றேன். "உன் மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா? செவுரு மாதிரி இருக்க. அந்தக் கொழந்தை செவுத்தோடயா பேசும்?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. "இப்போதைக்கு இப்படித்தான் இருப்பேன் போல. ஆனா அவ இங்கயே இருக்கட்டும்" என்றேன். அத்தை காரை அணைத்துவிட்டு வந்து காபி குடித்தாள், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருந்தாள், அவளும் தம்பியை இழந்தவள். போகும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். நீ அவள்மேல் வருத்தப்படாதே, உன் பேச்சை நான் கேட்கவில்லை என்று என்மேலும் படாதே. நான் தேறிவிட்டேன் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், நானே போன் செய்து வாங்கினேன். இன்று மதியம் பட்டாணி சூப் வைத்தேன். டில்டா தன் கிண்ணத்தை முடித்துவிட்டு, நான் முடிக்கும்வரை எழுந்திருக்காமல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ருசி ஒன்றும் தெரியவில்லை. முடித்தேன்.

கடவுள் உன்னையும் உன்னோடு கப்பலில் இருக்கும் பிள்ளைகளையும் காப்பாராக. வலிக்கிறது என்றாயே, அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடு. அடுத்த முறை கூப்பிடும்போது அம்மா எப்படி இருக்கிறாள் என்று டில்டாவிடம் கேட்காதே, அதை என்னிடம் கேள்.

உன் அம்மா,
இங்க்ரிட்