முந்திரிக்கொத்து யாருக்கு

வேலை முடிந்து வரும் கணவன் நிஜினின் கண்ணில் படட்டும் என்று, பின்சி சாப்பாட்டு மேசையில் சீட்டு எழுதினாள்:

"மரச்சீனிக் கிழங்கு அவிச்சு மூடி வச்சிருக்கேன். சாளைமீன் கறியைச் சூடாக்கிக்கிடுங்க. டப்பாவுல உள்ள முந்திரிக்கொத்துப் பலகாரத்தைத் தொடாதீங்க. அது டாக்டருக்குப் படிக்குத பெண்ணுக்காக்கும்! உங்க அம்மைக்க ஆர்டர்."

எழுதும்போதே வயிறு எரிந்தது. மெடிக்கல் காலேஜ் வார்டில் பகல் முழுக்க மாமியார் சரோஜத்துக்குத் துணையிருப்பது பின்சிதான். அவள் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல மக்கா" என்கிற சரோஜம், நேற்று நோய் விவரம் எடுக்க வந்த மாணவி கையைப் பிடித்துக் கேட்டதும், நெஞ்சுவலியில் தொடங்கி நிஜினுக்கு முன்னால் கலைந்த பிள்ளை வரை சொல்லி அழுதாள். கஞ்சிப் பாத்திரத்தோடு பக்கத்தில் நின்ற பின்சிக்கு எல்லாமே புதுச் செய்தி. சீட்டில் மேலும் எழுதினாள்:

"இவ்வளவு வருசமும் கூட இருக்கது நானாக்கும். கதையெல்லாம் நேத்து வந்தவளுக்கு! முந்திரிக்கொத்து எல்லாத்தையும் நீங்களே தின்னுங்க."

ஆஸ்பத்திரிக்குப் போக, பாறசாலையில் ரயிலைப் பிடிக்கக் கிளம்பியவள், செருப்போடு திரும்பி வந்து சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"டப்பாவைத் தேடாதீங்க, நான் கொண்டு போறேன். அம்மையிட்ட எப்படிக் கேட்டா பதில் வரும்னு அந்தப் பெண்ணுகிட்ட படிக்கணும்."