மூன்றாவது சுற்றுத் தண்ணீர்

மகளின் கேன்வாஸ் ஷூவுக்கு இன்று வெள்ளை பாலிஷ் போட்டேன். டப்பாவைத் திறந்ததும் அந்தச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. சனிக்கிழமைதோறும் நீ உன் ஷூ இரண்டையும் கழுவி, பாலிஷ் தடவி, உன் வீட்டு மாடிச் சுவரில் வரிசையாக வைப்பாயே, அதே வாசனை. கையில் பிரஷ்ஷோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஒரு ஷூவுக்கு ஒரு மணி நேரமா?" என்றாள். இந்தக் கடிதத்தை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மாவட்டம் பிரிந்த புதிதில் வேங்கிக்கால் பக்கம் ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், நினைவிருக்கிறதா? நீ டைப்பிஸ்ட், நான் இளநிலை உதவியாளர். நான் துறைத் தேர்வில் மூன்று முறை தோற்றிருந்தேன். பாடம் தெரியாமல் அல்ல. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் விரல் நடுங்கும், எழுத்தெல்லாம் கலங்கும், பாதியில் எழுந்து வந்துவிடுவேன். நீ கல்யாணமாகி இரண்டாவது வருடத்திலேயே பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவள். ஊர் உனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கு அது தெரியும். காய்கறிக்காரி வரை தெரியும்.

நான்காவது முறையும் பணம் கட்டிவிட்டு நான் அழுதுகொண்டிருந்தபோதுதான் நீ உன் ரகசியத்தைச் சொன்னாய்.

"தினம் விடிகாலைல மலைய சுத்தி ஓடறேன்டி. யார்கிட்டயும் சொல்லாத. ஒரே தொண்டையில அழுகையும் மூச்சும் சேந்து போவாது. ஓடிப் பாரு, உனக்கே தெரியும்."

"நானா? பஸ்ஸு பின்னால ஓடினாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்."

"பஸ்ஸு பின்னால ஓடறவளுக்குத்தான் அடைக்கும். நீ முன்னால ஓடு."

அடுத்த ஞாயிறு கிரிவலப் பாதையில் ஈசானிய லிங்கத்தின் முன்னால் என்னை நிறுத்தினாய். சல்வார் கமீஸ் உனக்கு. எனக்கு அது கூட இல்லை. தங்கையின் பழைய பள்ளிக்கூட பேன்ட்டும் மேலே ஒரு தொளதொள சட்டையும். பதினாலு கிலோமீட்டர் என்றதும் நான் திரும்பிப் போகப் பார்த்தேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய். "பதினாலு எவ கேட்டா? அடுத்த லிங்கம் வரைக்கும் ஓடு. அங்க போயி மீதிய பேசிக்கலாம்." மலையைச் சுற்றி எட்டு லிங்கம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓட்டத்தை நிறுத்தி, கைகூப்பி நாலடி நடப்பாய். பிறகு மறுபடி ஓட்டம். சாமிக்கும் மரியாதை, முழங்காலுக்கும் ஓய்வு என்று சிரிப்பாய். அன்று எமலிங்கம் வரை வந்தேன். அங்கே சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். "எமன்கிட்ட வந்து உயிரோட திரும்பறவ நீ ஒருத்திதான்" என்று முதுகைத் தடவிவிட்டாய்.

ஆறு மாதத்தில் முழுச் சுற்றும் ஓட ஆரம்பித்துவிட்டேன். ஆதி அண்ணாமலைக் கோயில் வாசலில் பூ விற்ற அம்மாவை உனக்கு மறக்காது. முதல் நாள் நம்மைப் பார்த்ததும் அவர் போட்ட சத்தம்!

"மலைய சுத்தறதுன்னா நெறமாச கர்ப்பிணி மாதிரி மெல்ல நடக்கணும்மா. இன்னாது இது, நாய் தொரத்தற மாதிரி ஓடிகினு?"

நீ நின்றாய். மூச்சு வாங்கிக்கொண்டே, "நெறமாசம் ஆகற பாக்கியம் எனக்கு இல்லைங்கம்மா. அதான் ஓடியாவது சுத்தறேன்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பூக்காரம்மாவின் கை தொடுத்துக்கொண்டிருந்த சரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து நமக்காக ஒரு சொம்பு தண்ணீர் அவர் கூடைக்குப் பக்கத்தில் இருந்தது.

நான்காவது முறை தேர்வு எழுதப் போனபோது விரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் எனக்குள் உன் குரல் கேட்டது. பத்துக் கேள்வி எவ கேட்டா, அடுத்த கேள்வி வரைக்கும் போ. போனேன். பாஸ் செய்தேன். அன்று நீ எனக்கு இனிப்பு வாங்கித் தரவில்லை, "இனிமே உன்ன யாராலும் உட்கார வைக்க முடியாதுடி" என்றாய். அந்த வாக்கியத்தை நம்பி நான் எவ்வளவு நிமிர்ந்து திரிந்தேன் தெரியுமா? இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

அந்த மார்கழியில் நீ ஒரு முடிவு எடுத்தாய். ஒரே மூச்சில் மூன்று சுற்று. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், மறுநாள் திங்கட்கிழமை உன் வழக்கு. உன் புருஷன் வீட்டு ஆட்கள் பதினைந்து பேர் கோர்ட்டுக்கு வருவார்கள் என்று உனக்குத் தெரியும். பெரியவர்கள் சமாதானம் பேசுவார்கள், மறுபடி அங்கேயே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் உனக்கு.

"மூணு சுத்து முடிச்சிட்டேன்னு வச்சிக்க, திங்கக்கிழம எவன் முன்னாலயும் நிப்பேன். முடிக்கலன்னா எனக்கே என் மேல நம்பிக்கை இருக்காது."

என்னிடம் இரண்டு காரியம் கேட்டாய். ஒவ்வொரு சுற்றிலும் ஆதி அண்ணாமலையில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரோடு நிற்க வேண்டும். மூன்றாவது சுற்றில், அங்கிருந்து மீதி ஆறு கிலோமீட்டர் உன் கூட ஓட வேண்டும். "அதுவரைக்கும் உடம்பு ஓடும். அந்த ஆறுக்கு மனசுதான் ஓடணும். அங்கதான் எனக்கு ஆள் வேணும்." நான் உன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

அந்த வாரம்தான் எனக்கு வேலூர்ப் பக்கமிருந்து வரன் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போனால் பெண்ணுக்குப் பேர் கெடும் என்று, கோயிலில் தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்ப்பதுதானே நம் பக்கத்து வழக்கம். ஞாயிறு பத்து மணிக்கு வருகிறோம், எந்தக் கோயில் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். அம்மா என்னைக் கேட்டாள். நான் ஆதி அண்ணாமலை என்றேன். எவ்வளவு கெட்டிக்காரி பார்! நீ மூன்றாவது முறை வர ஒன்பது மணி ஆகும், தண்ணீரைக் கொடுத்து, கூட ஓட முடியாது என்பதையும் அங்கேயே சொல்லி அனுப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பத்து மணிக்குப் பெண்ணாக நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். உன்னிடம் வரனைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மாவிடம் உன் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை, மார்கழி பூஜைக்கு முன்னாலேயே போகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

முதல் சுற்றில் நீ ஐந்து மணிக்கே வந்தாய். பனியில் உன் முடி நனைந்திருந்தது. ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனாய். இரண்டாவது சுற்றில் ஏழு மணி. வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தாய். குடித்தாய். "அடுத்த தபா ரெடியா நில்லு. ஷூ போட்டுக்க" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி, போடி" என்றேன்.

எட்டு மணிக்கு அம்மா பட்டுப்புடவையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பூக்காரம்மா வீட்டில் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். எலுமிச்சைத் தண்ணீர்த் தூக்கைப் பூக்கூடைக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அவர்கள் பத்து மணிக்கு வரவில்லை. நல்ல நேரமெல்லாம் பார்த்து ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர். வாசலில் நின்று, "நீங்களும் கோயிலுக்கா?" என்று தெரியாதவர்கள்போல் பேசிக்கொண்டோம்.

அப்போது நீ வந்தாய்.

நீ ஓடிவரவில்லை. விழாமல் வந்துகொண்டிருந்தாய். உதடு வெடித்திருந்தது, ஷூவின் முனையில் ரத்தம் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. அவர்களை நீ கவனிக்கவேயில்லை. நேராக என் முன்னால் வந்து கையை நீட்டினாய்.

மாப்பிள்ளையின் அம்மா உன்னை ஷூவிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். "யாரும்மா இது? உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

"இல்லீங்க. தெரியாதுங்க" என்றேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை. அம்மா கூட வாயைத் திறக்கவில்லை. கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான். நீட்டிய கையை நீ மெல்ல எடுத்துக்கொண்டுபோய் நெற்றி வியர்வையைத் துடைத்தாய், அதற்காகவே தூக்கியதுபோல. பிறகு அவர்களைப் பார்த்தாய், என் புடவையைப் பார்த்தாய். புரிந்துகொண்டாய். திரும்பிச் சாலைக்குப் போனாய். சாலையோரக் குழாயில் நீ குனிந்தது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் வரவில்லைபோல, உடனே நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாய். கொஞ்ச தூரம் போய் ஓடவும் ஆரம்பித்தாய். என் கால்கள் இரண்டும் நல்ல கால்கள். நீ பழக்கிய கால்கள். பதினாலு கிலோமீட்டர் ஓடும். அன்றைக்கு ஓரடி எடுத்து வைக்கவில்லை.

தரிசனம் முடிந்து வந்தபோது பூக்காரம்மா அத்தனை பேர் முன்னாலும் தூக்கை என் கையில் கொடுத்தார். "தண்ணி அப்படியே கீதும்மா" என்றார். பெண் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். "அடக்கமான பொண்ணு" என்றார் மாமியார்.

செவ்வாய்க்கிழமை நீ நொண்டிக்கொண்டு அலுவலகம் வந்தாய். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் இரவு முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"முடிச்சிட்டேன்டி. கோர்ட்லயும் நின்னேன். காலு நடுங்குச்சு, அது ஓட்டத்தால. வாய் நடுங்கல. போக மாட்டேன்னு சொல்லிட்டேன்." பிறகு டைப்ரைட்டரில் தாளைச் செருகிக்கொண்டே, "பச்சைப் புடவை உனக்கு நல்லா இருந்துச்சு" என்றாய்.

நான் சேர்த்து வைத்திருந்தது எதையும் சொல்லவில்லை. நீ திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே பல வருடம் பரிந்து பேசிக்கொண்டேன். அது பொய். திட்டியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு உன்னோடு ஓடவும் வரவில்லை. கல்யாண வேலை என்றேன்.

கல்யாணத்துக்கு நீ வந்தாய். மாமியார் உன்னை உற்றுப் பார்த்து, "உன்ன எங்கயோ பாத்த மாதிரி இருக்குதேம்மா" என்றார். நான் மேடையில் மாலையைச் சரிசெய்துகொண்டேன். "ஒரே ஆபீஸ்தாங்க. அவ்ளோ பழக்கம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாய். என் பொய்யை நான் ஒருமுறை சொன்னேன். நீ அதை எனக்காகக் காப்பாற்றியும் கொடுத்தாய்.

ரொம்ப நாள் கழித்து இதை என் கணவரிடம் சொன்னேன். "தெரியும்னு சொல்லியிருந்தா எங்கம்மா நாலு கேள்வி கேட்டிருப்பாங்க. ஷூவ பத்தி ரெண்டு வார்த்தை பேசியிருப்பாங்க. அவ்ளோதானே?" என்றார். அவ்வளவுதான். நாலு கேள்விக்காக உன்னை விற்றிருக்கிறேன்.

நீ செய்யாறுக்கு மாற்றல் வாங்கிப் போனாய். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வரும். நானும் அனுப்புவேன். மார்பில் கட்டி என்று கேள்விப்பட்டபோது வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பயம் என்று சொல்வதுகூட மரியாதையான சொல். வெட்கம். வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததுதான். மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். உன் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீதானம்மா ஆதி அண்ணாமலைல தண்ணி குடுத்தவ? கீமோ குடுக்கறப்ப எல்லாம் அதத்தான் சொல்லும். மூணாவது சுத்துல விழப் போனேம்மா, அவ தண்ணி குடுத்து கூடவே ஓடி வந்தா, இல்லன்னா முடிச்சிருக்க மாட்டேன்னு. நல்லா இரும்மா நீ."

அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கும்பிட்டார்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் காப்பாற்றவா, அந்த ஆறு கிலோமீட்டரையும் அப்படி நினைத்துக்கொண்டே கடந்தாயா, உன்னைத் தவிர யார் சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "இல்லம்மா, நான் குடுக்கல" என்று சொல்ல அங்கே நேரம் இருந்தது. மூச்சும் இருந்தது. அடுத்த ஒரு வார்த்தை வரைக்கும் போயிருந்தால் போதும்.

நான் தலையாட்டினேன்.

முதல் பொய்யை நீ நேரில் பார்த்தாய். இந்த இரண்டாவதை நீ பார்க்கவில்லை. அதை நானே உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது.