நான் திருத்திய வரிசை

பயண நாள் 2216 — 09:10
விண்கப்பலின் ஆட்டுக்கூட ஆய்வகம். எழுதுவது ஹெப்சிபா, உயிரியலாளர். ஆடுகள் நாற்பத்திரண்டு. காற்று, தண்ணீர் சரி. உண்ணிச் சோதனைப் பட்டை எல்லா ஆட்டுக்கும் 'இல்லை' காட்டியது. குடியிருப்புப் பக்கக் கதவைத் திறக்கக் கையெழுத்திட்டேன்.

பயண நாள் 2229 — 16:40
குடியிருப்பில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல். ஒரு சிறுமியின் காதுக்குப் பின்னால் உண்ணி. அதையே அரைத்துப் பட்டையில் விட்டேன். 'இல்லை.'

பயண நாள் 2230 — 07:05
காரணம் நேற்றே தெரியும். எழுதக் கை வரவில்லை.
உண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவில் முப்பத்தேழு மரபணுக்கள், வட்டமாக. அதில் இரண்டு ஒட்டிநிற்கும் இடத்தைத்தான் பட்டை தேடும். சில இனங்களில் ஒரு துண்டு பெயர்ந்து வேறிடத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே பட்டைக்கு எதுவும் அகப்படாது.
புறப்படும் முன் இந்த உண்ணியின் மரபணு வரிசையைப் படித்தவர் என் சக ஆய்வாளர் தவசீலன். "அக்கா, ஒரு துண்டு இடம் மாறியிருக்கு. இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டிருந்தார். "மெஷின் கோளாறு" என்று பதில் போட்டேன்.
பொய். இந்த இனத்தில் வரிசை மாறவே இல்லை என்று கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியவள் நான். அவர் தந்த ஃபைலில் அந்தத் துண்டை வெட்டிப் பழைய இடத்தில் ஒட்டினேன். பட்டை அந்த ஃபைலை வைத்துச் செய்தது.

பயண நாள் 2233 — 11:20
மருத்துவ அறையிலிருந்து தவசீலன்: "அக்கா, திருத்தாத ஃபைல் எங்கிட்ட இருக்கு. அனுப்புறேன். யார்கிட்டயும் சொல்லல."
காய்ச்சலில் கிடந்துகொண்டு என் மானத்தைக் காப்பாற்றுகிறார்.

பயண நாள் 2234 — 13:50
தவசீலன் இறந்துவிட்டார். அவர் ஃபைலை வைத்துப் புதுப் பட்டை செய்தேன். முப்பத்தொரு ஆட்டில் உண்ணி. கூடத்துக்குள் என்னை வைத்துக் கதவை மூடச் சொல்லிவிட்டேன்.

பயண நாள் 2235 — 14:15
பின்னால் வரும் இரண்டாம் கப்பலிலும் என் பட்டைதான். செய்தி அனுப்பினேன்: "ஆட்டுக்கூடத்தைத் திறக்காதீர்கள். பட்டை தவறு. வரிசையை மாற்றியது நான்." கடைசி வாக்கியத்தை மூன்று முறை அழித்தேன்.

பயண நாள் 2236 — 10:02
பதில்: "டாக்டரம்மா, கூடத்தைப் போன மாசமே தொறந்தாச்சு. காய்ச்சல்ல படுத்த எங்க ஆய்வாளர் எழுந்திரிக்கல. நான் சமையல்கூடத்து மயில்வாகனன். புதுப் பட்டை எப்படிச் செய்யறதுன்னு மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."
சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் செய்தீர்கள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான்காம் படியை எழுதிக்கொண்டதாகச் சொன்னார். ஐந்தாவதை அனுப்பிவிட்டேன். ஆறாவதையும் அனுப்பிவிட்டேன். இரண்டுக்கும் பதில் இன்னும் வரவில்லை.