எங்கள் வீட்டுக் காவல் ஆள்

84 மே 12, சனி

கத்திரி வெயில். காற்று இல்லை. ஏரி தகரம் போட்ட மாதிரி கிடக்கிறது. கருவாடு மதியத்துக்குள் காய்ந்துவிடும், ஒரு தடவை திருப்பினால் போதும்.

பிள்ளைகள் விவரம் எழுதி வைக்கிறேன். சேகர், மகன் பிள்ளை. மெட்ராசில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் முடித்தான். வகுப்பில் இரண்டாவது. முதலில் வந்தவனின் அப்பா புரொபசராம், அதனால் அதை நான் கணக்கில் வைப்பதில்லை. வசந்தா, சேகரின் தங்கை. டீச்சர் ட்ரெயினிங் பாஸ், முதல் வகுப்பு. குப்பத்தில் முதல் பெண் டீச்சர் இவள்தான். மணி, மகள் பிள்ளை. அரக்கோணம் தபால் ஆபீஸ், நிரந்தரம் ஆகிவிட்டது. மூன்று பேர் கையிலும் வலை நாற்றம் இல்லை. மகனைத் தண்ணீர் கொண்டுபோன வருஷமே நானும் மருமகள் கஸ்தூரியும் முடிவு செய்தது அது.

இனி சேகர் சே., வசந்தா வ. மை மிச்சம்.

சே. லீவுக்கு வந்திருக்கிறான். முடி காதை மூடுகிறது. ஹாஸ்டல் சிநேகிதன் ஒருவன் கொடுத்த இங்கிலீஷ் புஸ்தகமும் பல முகம் வைத்த பகடைகளும் கொண்டுவந்திருக்கிறான். கதை விளையாட்டு. ஒருத்தன் கதை சொல்வான், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக இருக்க வேண்டும். ராட்சசன், குகை, புதையல். வ. மந்திரக்காரி. நான் கப்பல்காரி என்றேன். அப்படியானால் கூலிக்குச் சிப்பாய் பிடி என்றான். அதற்கென்றே ஒரு அத்தியாயம்.

அதிலிருந்து படித்துச் சொன்னது:
சுமை தூக்க வந்தவன் கத்தி எடுக்க மாட்டான். அவனுக்குக் கூலி வேறு, சிப்பாய்க்கு வேறு.
காவல்காரன் கோட்டை வாசலில் நிற்பான். குகைக்குள் கூப்பிட்டால் வர மாட்டான்.
எஜமானின் முகராசிக்குத் தக்கபடிதான் ஆள் சேரும்.
ஆபத்து வந்தால் பகடை உருட்ட வேண்டும். குறைந்து விழுந்தால் ஓடிவிடுவான். எஜமான் நல்லபடி நடத்தியிருந்தால் விழுந்த எண்ணில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம்.

"செத்துட்டான்னா?" என்றேன்.

"வேற ஆள் புடிக்கலாம் ஆயா."

"அவன் பொண்டாட்டிக்கு இன்னா?"

"அதெல்லாம் புக்குல இல்ல."

"இன்னா புக்குடா இது."

இருந்தும் விளையாடினேன். மூன்று சிப்பாய் பிடித்து, குகையில் அவர்களை முன்னால் விட்டேன். ஒருத்தன் செத்துப்போனான். புதையல் எனக்கு. வ., "ஆயாவுக்குக் கல்நெஞ்சு" என்றாள். கஸ்தூரி அடுப்படியிலிருந்து, "இப்பதான் தெரியுதா உனுக்கு?" என்றாள்.

மே 14, திங்கள்

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். வலது முட்டி வலி.

ஊர்க் கூட்டம். ஏரி கடலில் திறக்கும் வாய்ப் பக்கம் எறா ஓடும் இடத்தில் வெளியூர்க்காரர்கள் இருட்டில் வந்து வலை விடுகிறார்கள். அது நம் பாடு. எந்த நாள் எந்த வீடு அங்கே வலை கட்டலாம் என்று ஊர் வைத்த முறை. எங்கள் வீட்டுப் பெயரும் அதில் இருக்கிறது. மகன் போன பிறகு பங்காளி வீட்டு ஆள் கட்டுகிறான், பங்கு வருகிறது. சே. படிப்பதும் வ. படித்ததும் அந்த எறாவில்தான்.

ஊர்த் தலைவர் தேசப்பன் சொன்னது: "வூட்டுக்கு ஒரு ஆம்பள காவலுக்கு வரணும். வராத வூட்டுப் பேர பாட்டுலருந்து எடுத்துருவோம். அப்பால என்னாண்ட வந்து அழக்கூடாது."

ஆம்பளை இல்லாத வீடு கூலிக்கு ஆள் வைக்கலாம். ஆனால் அவன் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டால்தான் வீட்டு ஆள். இது என் மாமியார் காலத்துக்கும் முந்தின வழக்கம்.

சே., "நான் போறேன் ஆயா. பம்பாய்க்குப் போற வரைக்கும் நிக்கறேன்" என்றான். பம்பாயில் கப்பல் கட்டும் இடத்தில் அவனுக்கு ட்ரெயினிங். வெள்ளிக்கிழமை ரயில்.

"உங்க நைனா போன தண்ணிலதான் நீயும் நிக்கணுமா? வாய மூடிகினு சோறு துன்னு."

கஸ்தூரி அவன் தட்டில் இன்னொரு மீன் வைத்தாள்.

மே 16, புதன்

ஆள் பிடித்தாயிற்று.

கீரைக்காரியிடம் சொல்லி வைத்தேன், மூன்று பேரை அனுப்பினாள். சே.வும் வ.வும் புஸ்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள், விளையாட்டுக்கு. நானும் விட்டுவிட்டேன். குடிப்பாயா, கேஸ் இருக்கிறதா, கம்பு வீசத் தெரியுமா, சொந்தக்காரன் எதிரில் வந்தால் அடிப்பாயா என்று வரிசையாகக் கேட்டோம்.

முதல் ஆள் காலையிலேயே போட்டிருந்தான். இரண்டாவது ஆள் யாரை அடிக்க வேண்டும் என்று ஆசையாகக் கேட்டான். இரண்டு பேரையும் மோர் கொடுத்து அனுப்பியாயிற்று. மூன்றாவது எல்லப்பன். காட்டூர் காலனி. வயல் காவல் பார்த்தவன், பன்றி விரட்டியவன். கேட்டதற்கு மட்டும் பதில்.

"பயந்தா ஓடுவியா?"

"பயம் வரும் ஆயா. ஆனா வுட்டுட்டு ஓட மாட்டேன். நிக்கச் சொன்ன எடத்துல நிப்பேன்."

சே. என் காதில், "இவருக்குப் பகடையே வாணாம்" என்றான்.

எல்லப்பன் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "வூட்டுக்குள்ளாரயா சாப்புடணும்?"

கஸ்தூரி என்னைத் தனியே கூப்பிட்டாள். "வெளியில போட்டா ஆவாதா அத்தே?"

"ஆவாது. ஊரு பாக்குது."

உள்ளே உட்கார்ந்தான். சுவரில் முதுகு படாமல், தலை நிமிராமல் சாப்பிட்டான். தட்டை அவனே கழுவிக் கவிழ்த்து வைத்தான். எறா தொக்கு இன்னும் கொஞ்சம் என்றதற்குக் கையால் மறைத்தான். வாசலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சரி, ஊருக்குத் தெரிந்துவிட்டது.

மே 18, வெள்ளி

சே. கிளம்பினான். முறுக்கு, எறாப்பொடி, இரண்டு லுங்கி. முடியை வெட்டிக்கொண்டு போ என்றேன், கேட்கவில்லை.

எல்லப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரை வந்தான். சே., "சுமைக்குத் தனிக் கூலிண்ணா, புக்குல கீது" என்றான். எல்லப்பனுக்கு விளங்கவில்லை, சிரித்து வைத்தான். பழவேற்காடு பஸ் வரைக்கும் பெட்டியோடு போகட்டும் என்று அவனையும் படகில் ஏற்றினேன். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். படகுக்காரன், "இன்னா மாமா, கல்யாணப் பொண்ணு மாதிரி குந்திகினு கீற" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

சாயங்காலம் வீடு வெறிச்சென்று இருக்கிறது. வ. பகடை ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டாள்.

மே 22, செவ்வாய்

எல்லப்பன் செத்துவிட்டான்.

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் அதே படகில் காவலுக்குப் போனவன். விடிந்ததும் வந்து வாசலில் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"நாலு படகுல வந்தாங்க ஆயா. கல்லு, கழி. எங்க படக சாய்க்கப் பாத்தாங்க. நாங்க குதிச்சி நீந்திட்டோம். அவன் குதிக்கல. 'எறங்குடா, எறங்குடா'ன்னு கத்தறேன். கழியப் புடிச்சிகினு நிக்கறான். 'நிக்கச் சொன்னாங்க'ன்றான். படகு கவுந்துச்சி. நீர் வத்தற நேரம், இழுப்பு. அவனுக்கு நீச்சலே தெரியாது ஆயா. இன்னாத்துக்கு இவன அனுப்புன?"

வாய்ப் பக்கத்து மணல் திட்டில் கிடைத்தான்.

குடிப்பாயா கேட்டோம். கேஸ் கேட்டோம். கம்பு கேட்டோம். நீந்தத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை, சே. கேட்கவில்லை, வ. கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போன அத்தனை பேரும் கேட்கவில்லை. இங்கே அதை யாரும் யாரையும் கேட்பதில்லை. நடக்கத் தெரியுமா என்று கேட்போமா.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. வ. சாப்பிடவில்லை. கருவாட்டை யாரும் திருப்பவில்லை, நாய் இழுத்துவிட்டது.

மே 23, புதன்

காட்டூர் போனேன். கன்னியப்பன் கூட வந்தான், தெருமுனையிலேயே நின்றுவிட்டான்.

மனைவி பெயர் முனியம்மா. இரண்டும் பெண், சின்னது இடுப்பில். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள்.

"நீதான் அவர காவலுக்கு வச்சதா?"

"ஆமா."

"எங்கூட்டுக்காரரு கெணத்துலகூட எறங்க மாட்டாரு. தண்ணி மேல காவலுன்னு சொல்லவே இல்லியே. ஏரிக்கரைன்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

அங்கிருந்த கிழவி ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். அடக்கம் முடியும் வரை வெயிலிலேயே நின்றேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அது சரிதான்.

மே 25, வெள்ளி

ஊர்க் கூட்டம். காவலில் செத்தவன் வீட்டுக்கு வலை கட்ட இன்னொரு முறை, பாடு ஒன்று கூடும், அதுவும் பழைய வழக்கம்.

தேசப்பன்: "எல்லப்பன் உங்க வூட்டுல சாப்புட்டவன், உங்க வூட்டு ஆளு. பாடு உங்க வூட்டுக்கு ஒண்ணு கூடுது அக்கா."

கூட்டம் என்னைப் பார்த்தது, எனக்கு என்னவோ சீட்டு விழுந்த மாதிரி. கஸ்தூரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வ.வின் கல்யாணச் செலவை நினைத்திருப்பாள். நானும் ஒரு நொடி நினைத்தேன்.

"அந்தப் பாட்ட முனியம்மாவுக்குக் குடுங்க" என்றேன்.

"காட்டூர்க்காரிக்கு எப்டிக் குடுக்கறது? ஊருல வூடு இருந்தாத்தான் பாடு."

"என் வூட்டு ஆளுன்னு நீதான சொன்ன தேசப்பா. அப்ப அவன் பொண்டாட்டி எந்த வூடு?"

பின்னாலிருந்து ஒருத்தன்: "நாலு நாளு சோறு போட்டா சம்பந்தியா?" சிரிப்பு.

தேசப்பன் சிரிக்கவில்லை. "வழக்கம் பேசறியா, சரி, வழக்கமே பேசுவோம். வூட்டு ஆளு செத்தா வூட்டு ஆம்பள மொட்ட போடணும். பதினாறாம் நாளுக்குள்ள. உன் பேரன் போடுவானா? ஹிப்பி மாதிரி முடி வச்சிகினு கீறான். ஒரு காலனி ஆளுக்காக?"

"போடுவான்."

"பம்பாயில போட்டா எவன் பாத்தான்? போட்டேன்னு லெட்டர் வரும், நாங்க தலையாட்டணுமா?"

"படம் வரும். முழு மொட்டையோட."

தேசப்பன், "படம் வந்தா முனியம்மா உங்க வூட்டு மருமவ. பாடு அவ பேருல. வரலன்னா இந்தப் பேச்சு இனி எடுக்கக்கூடாது" என்றார். பஞ்சாயத்தார் சரி என்றார்கள். வராது என்று நினைத்துத்தான் சரி என்றார்கள்.

மே 26, சனி

கஸ்தூரியோடு சண்டை. காலையில் ஆரம்பித்தது.

"அவன் நைனாவுக்கு மொட்ட போட்டான், ஏழு வயசுல. அந்தத் தலைய நான் மடியில வச்சிகினு கெடந்தேன் அத்தே. மறுபடி போடச் சொல்றியே. நான் உசுரோட இருக்கச்சொல்லோ எம்புள்ள யாருக்கோ ஏன் போடணும்?"

"யாருக்கோ இல்ல. உன் புள்ள நிக்க வேண்டிய எடத்துல நின்னவன்."

"நீதான நிக்கக் கூடாதுன்ன."

"ஆமா. இப்பவும் அதான் சொல்வேன். நிக்கக் கூடாது. மொட்ட போடட்டும்."

பானையை நங்கென்று வைத்தாள். மதியம் வ. இரண்டு பேருக்கும் நடுவில் தட்டு வைத்துவிட்டுப் போனாள். முட்டிக்குத் தைலம் தேய்க்க ஆளில்லை, நானே தேய்த்தேன்.

பிறகு கஸ்தூரி பெட்டியைத் திறந்து, சே. விட்டுப்போன பம்பாய் விலாசத்தை எடுத்து என் முன்னால் போட்டாள். "சளி புடிக்கும் அவனுக்கு. தலையில துண்டு கட்டிக்கச் சொல்லு."

மே 27, ஞாயிறு

வெயில். தெற்குக் காற்று எழுந்திருக்கிறது. வ. நாளை காலை பழவேற்காடு போகிறாள், தபாலில் போட்டுவிடுவாள். கையெழுத்து கோணும், அதனால் முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சேகருக்கு ஆயா எழுதுவது. அம்மா, தங்கை சுகம். எல்லப்பன் செத்துவிட்டான். தண்ணீரில். அவனுக்கு நீச்சல் தெரியாது. நாம் மூன்று பேரும் கேட்கவில்லை. உன் மேல் குற்றம் என்று சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். இரண்டு பெண் குழந்தை. அவன் நம் வீட்டு ஆள் என்று ஊர் சொல்லியிருக்கிறது, நானும் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் கண்ட அன்றே மொட்டை போட வேண்டும். குறைத்து வெட்டிக்கொள்வது ஆகாது, கத்தி வைத்து முழு மொட்டை. கூட வேலை செய்பவர்கள் கேட்டால் வீட்டில் சாவு என்று சொல். பொய் இல்லை. பிறகு நல்ல ஸ்டூடியோவுக்குப் போய், துண்டை எடுத்துவிட்டு, முகம் நேராக, இரண்டு காதும் தெரிய உட்கார். இங்கே சுவரில் இருக்கும் உன் பழைய படம் உதவாது. புதுப் படம் வேண்டும், உடனே எடுத்துத் தபாலில் போடு.